இடப்பக்கம் திரும்பும் மெனு

இன்றைக்கும் அது என் முகத்தைப் பார்க்காது.

படியேறும்போதே அவள் மனசுக்குள் ஓடியது இதுதான். வீட்டில் யாராவது முகத்தைத் திருப்பிக்கொண்டால் காரணம் கேட்கலாம், கெஞ்சலாம், பதிலுக்கு நாமும் முறுக்கிக்கொண்டு உட்காரலாம். தன் கையால் செய்த ஒரு மெனு முகத்தைத் திருப்பிக்கொண்டால் யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அந்த அலுவலகம் இருந்த மாடி ஒரு காலத்தில் பல் மருத்துவமனையாக இருந்தது. வாய் கொப்பளிக்கும் தொட்டிகளைப் பெயர்த்தெடுத்த இடங்களில் சிமெண்டைத் திட்டுத் திட்டாகப் பூசியிருந்தார்கள். எவ்வளவு துடைத்தாலும், மழை நாளில் பழைய மருந்து வாசனை தரைவிரிப்புக்கு அடியிலிருந்து எழுந்து வரும். கடைசி அறைக்கு மட்டும் ஜன்னல் கிடையாது, கதவும் கனமானது. எக்ஸ்ரே எடுத்த அறை. இப்போது அதுதான் சோதனை அறை. ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டிக்கொண்டு கையை வீசி நடந்தாலும் மோதிக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை.

அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு வி.ஆர். விளையாட்டு. சுடுவது, துரத்துவது எதுவும் அதில் கிடையாது. ஹெட்செட்டை மாட்டினால் ஒரு கடற்கரை விரியும். நடக்கலாம், கிளிஞ்சல் பொறுக்கலாம், அலைக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கலாம். கடலையும் வானத்தையும் வரைபவர்கள் எங்கெங்கோ இருந்து அனுப்பினார்கள். மாடியில் வந்து உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் மூன்றே பேர். முதலாளி ஒருவர். ஒலி அமைப்பவர் ஒருவர். நாளெல்லாம் காதை மூடிக்கொண்டு அலையோசையைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருப்பார், வாய் திறப்பது அபூர்வம், அதனாலேயே அவருக்கு ‘சத்தம்’ என்று பெயர். மூன்றாவது ஆள் இவள். இவளுக்குப் ‘பட்டனம்மா’ என்று பேர் வைத்ததும் அந்தச் சத்தம்தான்.

பொருத்தமான பேர்தான், குறை சொல்ல முடியாது. செட்டிங்ஸ் மெனுதான் அவள் வேலை. விளையாடுபவர் கையில் ஒரு பட்டனை அழுத்தியதும் எதிரே காற்றில் ஒரு பலகை வந்து நிற்க வேண்டும். ஒலி எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு, எழுத்து பெரிதா சிறிதா, நின்று ஆடுகிறீர்களா உட்கார்ந்தா, வலது கையா இடது கையா. அவ்வளவுதான். கடலைப் பார்த்து வாய் பிளக்கிற உலகம் இந்தப் பலகையை ஒரு முறை திறக்கும், தனக்கு வேண்டியதை வைத்துக்கொள்ளும், பிறகு மறந்துவிடும். சமையலறையில் உப்பு டப்பா மாதிரி. சரியான இடத்தில் இருந்தால் யாருக்கும் அது கண்ணில் படாது. இல்லாவிட்டால் வீடே கத்தும்.

அவள் அந்த வேலையை மட்டமாக நினைக்கவில்லை. மற்றவர்கள் நினைத்தார்கள். மகள் பிறப்பதற்கு முன்பு பெரிய பெரிய வேலைகள் பார்த்தவள்; சில வருடங்கள் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியபோது கிடைத்தது இதுதான். “இன்னும் அதே பட்டன்தானா?” என்று கணவன் ராத்திரிச் சாப்பாட்டின்போது கேட்பான். கேலி இல்லை, அக்கறைதான். அந்த அக்கறைதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

அதனால்தான் இந்த மெனுவை ஒழுங்காக முடித்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறி. அதுவோ முடிய மறுத்தது.

பலகை, விளையாடுபவரின் கண்ணுக்கு நேராக வந்து முகம் பார்த்து நிற்க வேண்டும். இவள் ஹெட்செட்டை மாட்டித் திறந்தால் அது கொஞ்சம் தாழ்ந்து, கொஞ்சம் இடப்பக்கமாகத் திரும்பி நிற்கும். இவளைப் பார்க்காது. இவளுக்கு இடது கைப்பக்கத்தில் யாரோ நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது மாதிரியும், பலகை அவருக்கு முகம் கொடுத்து நிற்பது மாதிரியும் இருக்கும். கழுத்தை ஒடித்துத்தான் எழுத்தைப் படிக்க வேண்டும்.

பலகை நிற்கும் கோணத்தின் கணக்கைச் சரிபார்த்தாள். சரியாகவே இருந்தது. திருத்தினாள். மறுநாள் காலையில் மறுபடி இடப்பக்கம்.

அதுகூடப் பரவாயில்லை. வைத்த அளவுகள் எதுவும் நிற்கவில்லை. ஒலியை நடுவில் வைத்துவிட்டுப் போனால் வந்து பார்க்கும்போது அடியில் கிடக்கும். வெளிச்சம் மங்கலாகியிருக்கும். எழுத்து பெரிதாகியிருக்கும். ‘நின்று’ என்பது ‘உட்கார்ந்து’ என்றாகியிருக்கும், ‘வலது கை’ ‘இடது கை’யாகியிருக்கும். தாறுமாறாக மாறினால் ஏதோ கோளாறு என்று விடலாம். எப்போதும் ஒரே மாதிரி மாறியது. ஒருவர் தன் வசதிக்கு ஏற்ப அமைத்துக்கொண்டது மாதிரி.

அவளுக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர், மெனு தனக்கு ஒத்துவரவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு நாள் மத்தியானம் எழுந்து போனாராம், குடையைக்கூட எடுக்கவில்லை. அது இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்கியது.

விளையாட்டை விற்க வேண்டிய இணையக் கடையோ அதை ஏற்காமல் திருப்பி அனுப்பியிருந்தது. இரண்டு காரணங்கள் சொன்னார்கள். மெனு ஆளைப் பார்த்து நிற்கவில்லை. மெனுவில் வெளியேறும் வழி இல்லை. இரண்டாவதை அவள் சேர்ந்த நாளிலிருந்தே முதலாளியிடம் சொல்லி வந்தாள். எந்த மெனுவிலும் கடைசி வரியில் ‘வெளியேறு’ இருக்கும். இதில் மட்டும் அந்த இடம் காலி. முதலாளி ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

“என் கேமை விட்டு யார் வெளிய போகணும்? போகணும்னா ஹெட்செட்டைக் கழட்டிட்டுப் போகட்டுமே.”

அவர் நல்லவர்தான். குரல் உயர்த்த மாட்டார். தினமும் பிற்பகலில் சோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். விளையாட்டைச் சோதிக்கிறார் என்று அவள் நினைத்திருந்தாள். வெளியே வரும்போது கண்ணைச் சுற்றி ஹெட்செட் அழுத்திய தடமும், அதற்குள் ஒரு ஈரமும் இருக்கும்.

அன்று காலை அவள் உள்ளே போய் ஹெட்செட்டை எடுத்தாள். யாரும் அதற்கு முன் வந்திருக்கவில்லை. கதவைத் திறந்ததே அவள்தான்.

முகத்தில் படியும் பஞ்சு ஈரமாக இருந்தது.

வெதுவெதுப்பாகவும் இருந்தது. இப்போதுதான் யாரோ கழற்றி வைத்த மாதிரி. கூடவே ஒரு வாசனை, வலிக்குத் தடவும் களிம்பின் காரம். துடைத்தாள். மாட்டிக்கொண்டு மெனுவைத் திறந்தாள். பலகை இடப்பக்கம் பார்த்து நின்றது.

ஆத்திரத்தில் கண்ணீரே வந்துவிட்டது அவளுக்கு. ஹெட்செட்டுக்குள் அழுவது போல் ஒரு கொடுமை கிடையாது. துடைக்கவும் முடியாது, கடல் மங்கித் தெரியும். “யாரைத்தான் பார்க்கிறாய் நீ?” என்று பலகையிடம் வாய்விட்டே கேட்டாள்.

அலை வந்து போனது.

*

இந்த வேலையில் ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு சின்னத் திருத்தத்துக்கும் ஹெட்செட்டை மாட்டிக் கழற்றினால் தலை சுற்றிவிடும். அதனால் யாராவது ஒருவர் விளையாடியதைப் பதிவு செய்து வைத்திருப்பார்கள். படப் பதிவு இல்லை. தலை எப்படித் திரும்பியது, இரு கைகளும் எப்படி அசைந்தன என்பது மட்டும். அதை ஓடவிட்டால் மானிட்டரில் ஒரு வெற்றுத் தலையும் இரண்டு வெள்ளைக் கைகளும் கடற்கரையில் மிதந்து, அன்று செய்ததையே அச்சாகத் திரும்பச் செய்யும். அதை ‘ஒத்திகை’ என்பார்கள். மேசையில் உட்கார்ந்தபடியே பட்டன் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

அந்த மாடியில் இருந்தது ஒரே ஒரு ஒத்திகை. இவள் வருவதற்கு வெகு முன்பே யாரோ உட்கார்ந்தபடி பதிந்தது. வலது கை மடியில் அசையாமல் கிடக்கும். எல்லாவற்றையும் இடது கைதான் செய்யும். மெல்ல மெனுவைத் திறக்கும், ஒலியைக் குறைக்கும், எழுத்தைப் பெரிதாக்கும். எல்லாம் முடிந்ததும் பலகையின் அடிப்பகுதியில், ஒன்றுமே இல்லாத இடத்தில், விரல்களால் தட்டித் தட்டித் தேடும். இருட்டில் சுவிட்சைத் தேடுகிற மாதிரி. யாரோ ஒருவருடைய பழக்கம் என்று அவள் அதைக் கண்டுகொண்டதில்லை.

அவள் உட்கார்ந்து புதிதாக ஒரு பட்டன் செய்தாள். எழுத்தின் நிறத்தை மாற்றுவதற்கு. பலகையின் மேல் ஓரத்தில், முன்பு எதுவும் இல்லாத இடத்தில் வைத்தாள். சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒத்திகையை ஓடவிட்டாள்.

இடது கை மேலே போனது. புதிய பட்டனை அழுத்தியது.

எழுத்து மஞ்சளானது.

தேநீரைக் குடிக்கப் போனவள் அப்படியே வைத்தாள். தற்செயல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கை எப்போதும் அந்தப் பக்கம் போகும்போல; அங்கே பட்டன் இல்லாததால் இத்தனை நாள் தெரியவில்லை. பட்டனை வலது மூலைக்கு மாற்றினாள். ஓடவிட்டாள்.

கை வலது மூலைக்குப் போனது.

பழைய பதிவு. என்றோ முடிந்துபோன அசைவு. அதற்கு இன்றைக்குச் செய்த பட்டன் தெரிய வழியில்லை. நேற்றைய செய்தித்தாளில் இன்றைய காய்கறி விலை இருக்குமா? பட்டனைப் பலகையின் பின்பக்கம், முன்னாலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாத இடத்தில் ஒட்டினாள். ஓடவிட்டாள்.

வெற்றுத் தலை அசையாமல் இருந்தது.

பிறகு மெல்லச் சாய்ந்து, பலகையின் ஓரம் வழியாகப் பின்னால் எட்டிப் பார்த்தது.

அவள் எழுந்து போய்ச் சத்தத்தின் தோளைத் தொட்டாள். அவர் காதுக்கருவியைக் கழற்றினார். அவள் மானிட்டரைக் காட்டினாள். அவர் பார்க்கவில்லை. பார்க்காமலே முகம் வெளுத்தது.

“கேட்காதீங்க பட்டனம்மா,” என்றார் தாழ்ந்த குரலில். “மெனுவைச் செஞ்சோமா போனோமான்னு இருங்க.”

“யாருங்க அது?”

சொன்னார். சொன்னதும் அரைகுறையாகத்தான். முதலாளிக்கு ஒரு தங்கை இருந்தாள். நெடுநாள் நோய். வலது கை விழுந்துபோய், கடைசியில் எழுந்து நடக்கவும் முடியவில்லை. நடக்க முடியாத தங்கைக்காகத்தான் அண்ணன் இந்தக் கடற்கரையையே செய்ய ஆரம்பித்தார். அந்தச் சோதனை அறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, முதன்முதலில் மாட்டிவிட்டது அவளுக்குத்தான். புது ஆள் விளையாட வந்தால் மெனுவில் முதலில் இருக்கும் அளவுகள் எல்லாம் அவளுக்காக வைத்தவை. பிறகு அவள் இல்லை. அளவுகளை யாரும் மாற்றவில்லை. ஒத்திகையையும் யாரும் அழிக்கவில்லை.

“பதிவுல சத்தம் கிடையாது, தெரியும்ல?” என்றார் அவர். “நான்தான் இங்க சத்தம் போடுறவன், எனக்குத் தெரியாதா. ஆனா அதை ஓடவிட்டா மூச்சு கேக்குது. நான் அலையைக் கூட்டிக் கூட்டி வெச்சு மூடிப் பார்க்கிறேன். அடங்க மாட்டேங்குது.”

காதை மறுபடி மூடிக்கொண்டார்.

பட்டனம்மா தன் இடத்துக்கு வந்தாள். போய்விட வேண்டும் என்றுதான் தோன்றியது. பையை எடுத்துத் தோளில் மாட்டியும் விட்டாள். குடையை விட்டுவிட்டுப் போன அந்த மனிதர் எவ்வளவு புத்திசாலி என்று புரிந்தது.

ஆனால் மானிட்டரில் ஒத்திகை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதன் கடைசி வரை பார்ப்பதில்லை. பட்டன்கள் வேலை செய்தால் போதும் என்று நடுவிலேயே நிறுத்திவிடுவார்கள். இவளும் அப்படித்தான். இன்று முதல்முறையாகக் கடைசிவரை ஓடியது.

தட்டித் தட்டித் தேடிய கை ஓய்ந்தது. பிறகு மெல்ல மேலே எழுந்து தலையின் பக்கம் போனது. ஹெட்செட்டின் பட்டையைப் பிடித்துத் தூக்குகிற அசைவு. நாளெல்லாம் அதைச் செய்கிற அவளுக்கு அடையாளம் தெரியாதா? கழற்றப் பார்க்கிறது.

கழற்றவில்லை. கை பாதியில் நின்றது. நின்று, தானாக இறங்குவது போல இல்லாமல், யாரோ மணிக்கட்டைப் பிடித்துப் பதமாக இறக்குவது போல இறங்கி, மடியில் வந்து அமர்ந்தது.

மறுபடி எழுந்தது. மறுபடி இறக்கப்பட்டது.

அங்கே பதிவு முடிந்தது.

பட்டனம்மா தோளிலிருந்து பையை இறக்கினாள். அந்த அசைவின் மென்மைதான் அவளைப் போகவிடவில்லை. முரட்டுத்தனம் துளியும் இல்லை. அந்தச் சில வருடங்கள் தன்னை வீட்டில் உட்கார வைத்தவர்களும் எப்போதும் பிரியத்தோடுதான் வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நாள், உனக்கு இதுதானே நல்லது. திமிறிக்கொண்டு எழ ஒரு காரணம்கூடக் கையில் கொடுக்காத பிரியம்.

பலகையின் கடைசி வரியில், கை தேடிய அதே காலியிடத்தில், பெரிய எழுத்தில், இடது கைக்கு எட்டும்படி ஒரு பட்டன் செய்தாள்.

வெளியேறு.

வழக்கம்போல அதற்குப் பின்னால் ஒரு கேள்வியும் வைத்தாள். ‘உறுதியாகவா?’ ஆம், இல்லை. அது கடையின் விதி. கடை கேட்டதைத்தான் செய்கிறேன் என்று மனசுக்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டாள். ஓடவிட்டாள்.

கை தட்டிக்கொண்டே வந்தது. பட்டன் விரலில் பட்டதும் நின்றது. நெடுநேரம் அசையவில்லை. பதிவு நின்றுவிட்டதோ என்று பார்த்தால் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

வெற்றுத் தலை திரும்பியது. கடலைப் பார்க்கவில்லை, பலகையையும் பார்க்கவில்லை.

மானிட்டருக்கு வெளியே, நேராக, அவளைப் பார்த்தது.

பிறகு அழுத்தியது. கேள்வி வந்தது. கை ஒரு நொடியும் தயங்கவில்லை.

ஆம்.

திரை கறுத்தது. மாடி முழுக்க ஒரு மூச்சு இழுத்துவிட்டது மாதிரி எல்லா விளக்குகளும் ஒரு தடவை தணிந்து எழுந்தன. சத்தம் தன் இடத்திலிருந்து எழுந்து நின்றார். காதுக்கருவி கழுத்தில் தொங்கியது. மூச்சு நின்றுபோச்சு என்று உதடு மட்டும் அசையச் சொன்னார்.

மறுபடி ஒத்திகையை ஓடவிட்டாள். வெறும் கடற்கரை. தலை இல்லை, கைகள் இல்லை. அலை வந்து போனது.

சோதனை அறைக்குப் போய் ஹெட்செட்டை மாட்டினாள். பஞ்சு உலர்ந்து, குளிர்ந்திருந்தது. மெனுவைத் திறந்தாள்.

பலகை அவள் கண்ணுக்கு நேராக வந்து நின்று, அவள் முகத்தைப் பார்த்தது.

இத்தனை நாள் எரிச்சலும் வடிந்து அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒலியை நடுவில் வைத்தாள். மூடித் திறந்தாள். நடுவிலேயே இருந்தது. சிரிப்பு வந்தது. இந்த அற்ப விஷயத்துக்கு ஒரு மனுஷி இவ்வளவு சந்தோஷப்படலாமா என்றுகூட நினைத்துக்கொண்டாள்.

ஹெட்செட்டைக் கழற்றினாள்.

அறையில் விளக்கு மங்கலாக எரிந்தது. வரும்போது அப்படி இல்லை.

வெளியே வந்தாள். கூடத்திலும் அதே மங்கல். சத்தத்தின் மேசையில் ஒலிபெருக்கிகள் கிசுகிசுத்துக்கொண்டிருந்தன. அவர் ஒலித் திருகைக் கூட்டுகிறார், அது தானாக மெல்ல அடிக்குத் திரும்புகிறது. மறுபடி கூட்டினார். மறுபடி இறங்கியது. அவர் திருகிலிருந்து கையை எடுத்தார். மடிக்கணினியைப் பையில் போட்டார்.

“நீங்களும் கிளம்புங்க,” என்றார் வாசலில் நின்று.

“வரேன், போங்க.”

வர முடியவில்லை அவளால். தன் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வலப்பக்கம் இருந்த மவுஸ் இடப்பக்கம் இருந்தது. மானிட்டரில் எழுத்துகள் பெரிதாக, மஞ்சளாகத் தெரிந்தன. மேசைக்கு இடது கைப்பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. அவள் அதை அங்கே போடவில்லை.

நாற்காலியின் மெத்தை அமுங்கியிருந்தது.

களிம்பு வாசனை அடித்தது.

ஓட வேண்டும் என்று உடம்பு சொன்னது. ஓடினால் பின்னாலேயே வந்துவிடுமோ என்று வேறொரு பயம் காலைக் கட்டியது. வீட்டில் மகள் பள்ளி விட்டு வந்திருப்பாள். அந்தப் பயத்தோடு நின்றபோதுதான் முதலாளி வந்தார். பிற்பகலாகியிருந்தது. வழக்கம்போல அவளைப் பார்த்து ஒரு தலையசைப்பு, நேராகச் சோதனை அறை, கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே அதிக நேரம் இருக்கவில்லை.

வெளியே வந்தபோது அவர் கண்ணைச் சுற்றித் தடம் இருந்தது, ஈரம் இல்லை. தொலைந்துபோன குழந்தையைத் தேடுகிறவர் முகம். அவள் மேசையருகே வந்து மானிட்டரைப் பார்த்தார். கடைசி வரியில் இருந்த பட்டனைப் பார்த்தார். மங்கிய விளக்கைப் பார்த்தார். அப்புறம் அந்த நாற்காலியை.

“என்ன செஞ்சுட்டீங்க?” என்றார்.

கடை கேட்டிருந்தது என்று அவள் தொடங்கினாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கோபம் இல்லை அவரிடம். இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். தினமும் தங்கையோடு போய் உட்கார்ந்திருப்பேன் என்று சொன்னார். பக்கத்தில் அலையைப் பார்த்துக்கொண்டு, பேசாமல். அது போதும் தனக்கு என்றார். இப்போது கடற்கரையில் யாரும் இல்லை, தன்னால் அங்கே நிற்கக்கூட முடியவில்லை என்றார். அவர் பேசப் பேச நாற்காலியின் பக்கம் பார்வை போவதும், உடனே திரும்பிவிடுவதுமாக இருந்தது. தங்கை என்று அவர் தேடியது உள்ளே இருந்தவளை. வெளியே வந்தவளைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

பிறகு என்ன செய்ய வேண்டும் என்று விளக்கினார். நிதானமாக, வேலை சொல்வது போலவே. மெனுவைத் திறந்து வைக்க வேண்டும். அந்த அளவுகளை எல்லாம் பழையபடி வைத்து, பக்கத்தில் ஹெட்செட்டையும் வைத்துவிட்டால் தங்கை பழக்கத்தில் அதை எடுத்துத் தலையில் மாட்டிக்கொள்வாள். அவள் கை பலகைக்கு வந்ததும் ‘வெளியேறு’ பட்டனை எடுத்துவிட வேண்டும், பிறகு வெளியே வர வழியிருக்காது.

“ஒரு வரிதானே. எடுத்துடுங்க. இல்லேன்னா அது உங்க கூடவே வீட்டுக்கு வரும். உங்க வீட்டுல குழந்தை இருக்குல்ல?”

அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் ஓடாமல் நின்றிருந்தாள்.

“அவளுக்கு அங்கதான் பிடிக்கும்,” என்றார் முதலாளி, தனக்கே சொல்லிக்கொள்வது போல. “நடக்கலாம்ல.”

பட்டனம்மா நாற்காலியைப் பார்க்காமல் கேட்டாள்: “ஹெட்செட்டைக் கழட்டச் சொன்னாங்களா சார், உங்க தங்கச்சி?”

அவர் கை, தானறியாமல், எதையோ பிடித்துப் பதமாக இறக்குவது போலக் காற்றில் இறங்கியது. அதைப் பார்த்துவிட்டு அவரே கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

அவள் பக்கத்தில் மெத்தை அசைந்தது.

அமுங்கியிருந்த பஞ்சு மெல்ல, மிக மெல்ல மேலே எழும்பியது. ஒரு கனம் இறங்கிக்கொண்ட மாதிரி.

சாம்பல் நிறத் தரைவிரிப்பில் ஒரு பாதத்தின் அளவுக்குப் பள்ளம் விழுந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. முதல் பள்ளம் நிமிர்ந்தது. நடை பழகுகிற தயக்கம் அந்தத் தடங்களில் இருந்தது. அவளைச் சுற்றிக்கொண்டு, மேசையைச் சுற்றிக்கொண்டு போய், முதலாளியின் முதுகுக்குப் பின்னால் இரண்டு பள்ளங்களாக நின்றது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் சட்டைக் காலர் மட்டும், யாரோ பின்னாலிருந்து மூச்சுவிட்ட மாதிரி, அசைந்தது.

“எடுத்துடும்மா,” என்றார் அவர். “உன்னால முடியும்.”

அவளால் முடியும். ஒரு வரிதான். அவள் விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்து மேசைக்குக் கீழே தொங்கவிட்டாள்.

“இல்லை சார்,” என்றாள், தனக்கே கேட்காத குரலில். “நான் எடுக்க மாட்டேன்.”